பனிக்களத்திலிருந்து விடைபெறும் வயது எது?

1980ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சில வாரங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்த ஜோ லூயிஸ் அரங்கில் 21,002 பேர் கூடியிருந்தனர். தேசிய ஹாக்கி லீக்கின் தேர்ந்தெடுத்த நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் சிறப்பு ஆட்டம் அன்று நடைபெறவிருந்தது. வீரர்கள் ஒவ்வொருவராகப் பனித்தரையில் சறுக்கி வந்து வரிசையில் நின்றனர். இறுதியில் நரைத்த தலையுடன், தலைக்கவசமின்றி ஒருவர் வந்தார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. கைதட்டல் பல நிமிடங்கள் ஓயவில்லை. அவர்தான் கோர்டி ஹவ். அப்போது அவருக்கு வயது 51.

அதே ஆட்டத்தில் 19 வயது இளைஞர் ஒருவரும் ஆடினார். அவர் பெயர் வெய்ன் கிரெட்ஸ்கி. ஹவ்வையே முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தவர். பிற்காலத்தில் ஹவ்வின் சாதனைகளை முறியடித்தவரும் அவரே.

ஹவ் அந்தப் பருவத்தை முழுவதுமாக ஆடி முடித்து 52ஆம் வயதில் விலகினார். கிரெட்ஸ்கி 1999ஆம் ஆண்டில், 38ஆம் வயதிலேயே விலகினார். இவர்களுக்கு ஈடாகப் போற்றப்படும் பாபி ஓர் என்னும் வீரரோ 1978ஆம் ஆண்டில், 30ஆம் வயதில், ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது.

30, 38, 52. விளையாட்டு ஒன்றே. மூவருமே தம் காலத்தில் ஈடிணையற்றவர்கள். பிறகு ஏன் இத்தனை வேறுபாடு? அரசு அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதைச் சட்டம் சொல்லிவிடுகிறது. ஆட்டக்களத்தில் அதை யார் சொல்வது? அறிவியல் இதற்கு என்ன விடை கூறுகிறது என்று காண்போம்.

ஆட்டத்தின் இயல்பு

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் பந்தும் நினைவுக்கு வரும். கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதிகளிலும் ஹாக்கி என்றால் அது பனித்தரையில் ஆடப்படுவதாகும். களம் ஏறத்தாழ 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உடையது. பந்துக்குப் பதிலாக 170 கிராம் எடையுள்ள கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடித்து ஆடுவர். ஓர் அணிக்கு ஒரு கோல்காப்பாளரும் ஐந்து ஆட்டக்காரர்களும் களத்தில் இருப்பார்கள். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்கு வழிசெய்து வட்டைத் தட்டிக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி உண்டு. இதை ‘உதவி’ என்பர். இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும்.

ஆட்டக்காரர்கள் கூரிய சறுக்குக் காலணிகளில் மணிக்கு 30 கிலோமீட்டரும் அதற்கு மேலும் விரைவார்கள். எதிரியின்மேல் உடலால் மோதுவதற்கு விதிகளே இடம் தருகின்றன. இதன் கடுமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் விரையும் ஒருவர் திடீரெனத் தடுத்து நிறுத்தப்படுகிறார் என்று கொள்வோம். அதே வேகத்தை ஒருவர் கீழே விழுந்து அடைய வேண்டுமானால், ஏறத்தாழ 3.3 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். அதாவது, ஒரு மாடி வீட்டின் கூரையிலிருந்து குதிப்பதற்கு ஒப்பான அதிர்ச்சி அது. இத்தகைய அதிர்ச்சிகளை ஓர் ஆட்டக்காரர் ஆண்டுதோறும் எத்தனையோ முறை தாங்குகிறார்.

ஆகவே, வேகம், மூச்சு, கைத்திறன், கூர்ந்த பார்வை, அடிதாங்கும் உடல் ஆகிய அனைத்தும் இந்த ஆட்டத்துக்குத் தேவை. வயது ஏறும்போது இவை எல்லாம் ஒன்றாகக் குறைவதில்லை என்பதே நாம் அறிய வேண்டிய முதல் உண்மை. உடலுக்குள் ஒரு கடிகாரம் அன்று, பல கடிகாரங்கள் ஓடுகின்றன. சில விரைவாகவும் சில மெதுவாகவும் ஓடுகின்றன.

தசையின் கடிகாரம்

நம் தசைகள் நுண்ணிய இழைகளால் ஆனவை. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைப்பின்றி உழைக்கும் இழைகள் ஒரு வகை. சட்டெனச் சுருங்கி, மிகுந்த விசையைத் தந்து, விரைவில் களைத்துப்போகும் இழைகள் மற்றொரு வகை. நெடுந்தூர ஓட்டக்காரருக்கு முதல் வகை தேவை. பனி ஹாக்கி ஆட்டக்காரர் இக்காலத்தில் ஒரு முறைக்கு முக்கால் நிமிடம் போல முழு வேகத்தில் ஆடிவிட்டு, வெளியே வந்து சற்று இளைப்பாறி, மீண்டும் களம் புகுகிறார். அவருக்கு இரண்டாம் வகை இழைகளே உயிர்நாடி.

முதுமை முதலில் பதம் பார்ப்பதும் இந்த வேக இழைகளைத்தான். இவற்றை இயக்கும் நரம்பணுக்கள் வயது ஏற ஏற ஒவ்வொன்றாக மடிகின்றன. அப்போது அவற்றுக்கு உரிய இழைகள் கேட்பாரற்றுப் போகின்றன. சில இழைகள் சுருங்கி அழிகின்றன. வேறு சிலவற்றை அண்டையிலுள்ள மெதுவான நரம்பணுக்கள் ஏற்றுக்கொள்கின்றன. அவையும் மெதுவான இழைகளாகவே மாறிவிடுகின்றன. இதனால்தான் நாற்பது வயதுக்காரர் இருபது வயதில் தூக்கிய எடையை இன்னும் தூக்கிவிடுவார்; ஆனால் அன்று பாய்ந்தது போல இன்று பாய முடியாது. வலிமை நெடுநாள் நிற்கும். வேகம் முன்னதாக விடைபெறும்.

ஹவ்வின் ஆட்டம் முதன்மையாக வலிமையை நம்பியது. இளமையில் கட்டட வேலையில் சிமெண்ட் மூட்டைகளைத் தூக்கி உரமேறிய தோள்கள் அவருடையவை. இடக் கையாலும் வலக் கையாலும் அடிக்க வல்லவர். நெடுநாள் நிற்கும் கடிகாரத்தையே தம் முதலாகக் கொண்டிருந்தார் என்பது அவருடைய நல்வாய்ப்பு.

இதயத்தின் கடிகாரம்

கடும் உழைப்பின்போது இதயம் அதிக அளவாக நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்க முடியும்? 220இலிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது என்று ஒரு தோராயமான கணக்கு உண்டு. இருபது வயதில் 200, நாற்பதில் 180, ஐம்பத்திரண்டில் 168. ஆளுக்கு ஆள் இது பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் வேறுபடலாம். ஆனால் குறையும் போக்கு எல்லாருக்கும் பொது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இதைத் தடுக்க இயலாது.

துடிப்பு குறைந்தால் நிமிடத்துக்குப் பாயும் குருதி குறையும்; தசைக்குச் செல்லும் ஆக்சிஜனும் குறையும். சாதாரண மனிதருக்கு, உடல் ஆக்சிஜனை ஏற்கும் உச்ச அளவு முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் குறைகிறது. கடும் பயிற்சியை விடாதவர்களுக்கு இந்தக் குறைவு ஏறத்தாழ பாதியாகிறது. பயிற்சியால் இந்தக் கடிகாரத்தை நிறுத்த முடியாது, மெதுவாக்க முடியும்.

நரம்பின் கடிகாரம்

கண்ணால் ஒன்றைக் கண்டு கை அசையத் தொடங்குவதற்கு, இளைஞர் ஒருவருக்கு ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வட்டு அதற்குள் எட்டு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். வயதானால் இந்த நேரம் நீள்கிறது. எளிய செயல்களில் அந்த நீட்சி, பல பத்தாண்டுகளுக்குப் பின்னும், ஒரு நொடியின் நூறில் இரண்டு மூன்று பங்குகளே. அது அற்பம் போலத் தோன்றும். ஆனால் 0.02 நொடியில் அந்த வட்டு 80 சென்டிமீட்டருக்கு மேல் செல்லும். கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள அகலமே 183 சென்டிமீட்டர்தான்!

இப்படிப் பார்த்தால் நாற்பது வயதுக்காரருக்குப் பனிக்களத்தில் இடமே இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. எவ்வாறு?

தட்டச்சு கற்பிக்கும் பாடம்

1984ஆம் ஆண்டில் சால்ட்ஹவுஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களை அவர் சோதித்தார். விரலால் தட்டும் வேகத்திலும், கண்டவுடன் வினைபுரியும் வேகத்திலும் முதியவர்கள் பின்தங்கியிருந்தனர். ஆனால் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்யச் சொன்னபோது, இளையவர்களுக்குச் சமமாகவே அவர்கள் செய்து முடித்தனர். காரணம் என்ன? விரல் ஓர் எழுத்தில் இருக்கும்போது, முதியவரின் கண் இளையவரின் கண்ணைவிட அதிக எழுத்துகள் முன்னே சென்றுவிட்டிருந்தது. முன்கூட்டியே பார்ப்பதால் அவசரப்படத் தேவையின்றிப் போயிற்று.

தேர்ந்த ஆட்டக்காரரும் இதையே செய்கிறார். எதிரியின் தோள் சாய்வு, மட்டையின் கோணம், தோழர்கள் நிற்கும் ஒழுங்கு ஆகியவற்றைக் கண்டதும், அடுத்து வட்டு எங்கே வரும் என்பதை அவர் ஊகிக்கிறார். அங்கே முன்னதாகவே போய் நிற்கிறார். இளைஞர் ஓடி அடையும் இடத்தை மூத்தவர் அறிந்து அடைகிறார். இது பல்லாயிரம் மணிநேர ஆட்டத்தால் மூளையில் சேர்ந்த செல்வம். தசை தேய்ந்த அளவுக்கு இது தேய்வதில்லை.

கிரெட்ஸ்கியின் கணக்கேட்டைப் பார்த்தால் இவ்வுண்மை பளிச்செனத் தெரியும். 1981-82 பருவத்தில் அவர் 80 ஆட்டங்களில் 92 கோல்கள் அடித்தார். 120 உதவிகள் செய்தார். கடைசிப் பருவமான 1998-99இல் 70 ஆட்டங்களில் 9 கோல்கள், 53 உதவிகள். ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்ப்போம். கோல்கள் 1.15இலிருந்து 0.13 ஆக, ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தன. உதவிகளோ 1.5இலிருந்து 0.76 ஆக, பாதி அளவே குறைந்தன. அந்த இடைக்காலத்தில் லீக் முழுவதிலும் கோல்கள் அரிதாகிவிட்டன என்பது உண்மை. ஆனால் அந்தக் காரணம் கோல்களையும் உதவிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில்தானே தாக்கியிருக்க வேண்டும்? ஆகவே ஒரே மனிதரிடத்தில், பாய்ந்து சென்று அடிக்கும் திறனின் கடிகாரம் விரைந்து ஓடியிருக்கிறது. பார்த்துக் கொடுக்கும் திறனின் கடிகாரம் மெதுவாக ஓடியிருக்கிறது.

கோல் அடிக்கும் திறன் எல்லாருக்கும் இப்படி முன்னதாகக் குன்றும் என்று நினைத்துவிடக் கூடாது. கிரெட்ஸ்கியின் மொத்த கோல் எண்ணிக்கையான 894ஐ, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ரஷ்ய வீரர் அலெக்சாண்டர் ஓவெச்கின் கடந்தார். அப்போது அவருக்கு வயது 39. அந்த ஒரு பருவத்தில் மட்டும் அவர் 44 கோல்கள் அடித்தார். அவருடைய பேராயுதம் பாய்ச்சலன்று. தாம் விரும்பும் இடத்தில் நின்று வட்டை வலிமையாக அடிக்கும் அடியாகும். வலிமை நெடுநாள் நிற்கும் என்று முன்னர் கண்டோம் அல்லவா? எந்தத் திறனை ஒருவர் முதலாகக் கொண்டிருக்கிறாரோ, அந்தத் திறனின் கடிகாரமே அவருடைய ஆட்ட வாழ்வை அளக்கிறது.

நிற்கும் வீடுகளும் விழுந்த வீடுகளும்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நூறு ஆண்டுகளாக நிற்கும் பழைய வீட்டைச் சுட்டிக்காட்டி, “அந்தக் காலத்துக் கட்டடம் எவ்வளவு உறுதி!” என்று வியப்பவர்கள் உண்டு. அதே காலத்தில் கட்டப்பட்டு இடிந்து விழுந்த வீடுகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஹாக்கியிலும் அப்படியே. நாற்பது வயதில் ஆடுகிறவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் நாற்பது வயது ஒன்றும் மோசமில்லை என்று தோன்றும். முப்பதிலேயே வெளியேறிய பெரும்பாலோர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. புள்ளிவிவர ஆய்வுகளின்படி, முன்கள ஆட்டக்காரர்களின் உச்சத் திறன் இருபதுகளின் நடுவிலிருந்து இறுதிக்குள் அமைந்துவிடுகிறது.

ஹவ்வின் கணக்கையும் இந்த எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். அவர் தம் வாழ்விலேயே மிகுதியான லீக் புள்ளிகளைப் பெற்றது இருபதுகளில் அன்று. 1968-69 பருவத்தில், நாற்பது வயதில். அந்தப் பருவத்தில் அவர் பெற்றவை 103 புள்ளிகள். இது வியப்புக்கு உரியதே. ஆனால் 1967ஆம் ஆண்டில் லீக் 6 அணிகளிலிருந்து 12 அணிகளாக விரிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. திடீரென இருமடங்கு ஆட்டக்காரர்கள் தேவைப்பட்டதால் எதிரணிகளின் சராசரித் திறன் தாழ்ந்தது. அளவுகோல் மாறும்போது அளவும் மாறித் தோன்றும். ஹவ் அரிய மனிதர்தாம். ஆனால் அவர் விதி அல்லர், விதிவிலக்கு.

ஈடுசெய்ய முடியாதவை

அனுபவம் வேகத்தை ஈடுசெய்யும். ஆனால் அனுபவத்தால் ஈடுசெய்ய முடியாத உறுப்புகளும் உண்டு.

முதலாவது மூட்டு. முழங்காலில் எலும்புகளுக்கு இடையே மெத்தை போல அமைந்திருப்பது குருத்தெலும்பு. அதற்குக் குருதி ஓட்டம் மிகக் குறைவு. சில பகுதிகளில் அறவே இல்லை. எனவே கிழிந்தால் எளிதில் ஆறுவதில்லை. பாபி ஓர் முதற்பருவத்திலேயே முழங்காலில் அடிபட்டவர். கிழிந்த குருத்தெலும்பை வெட்டி அகற்றுவதே அக்காலத்தில் பெரும்பாலும் வழக்கம். மெத்தை போனபின் எலும்பும் எலும்பும் உரசும். 1974-75இல், 27 வயதுக்குள், லீக்கிலேயே மிகுதியான புள்ளிகளை அவர் பெற்றார். அவர் தற்காப்பு ஆட்டக்காரர் என்பது இதன் அருமையை மிகுவிக்கும். அதன் பின்னர் எஞ்சிய மூன்று நான்கு ஆண்டுகளில் அவரால் ஆட முடிந்தவை 36 ஆட்டங்கள் மட்டுமே. தசையும் அறிவும் இளமையாக இருந்தன. முழங்கால் மட்டும் முதுமை அடைந்துவிட்டது.

இரண்டாவது இதயம். மரியோ லெமியூ 1993இல் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். 1997இல் விலகி, 2000ஆம் ஆண்டு இறுதியில் மறுபடியும் களத்துக்கு வந்தவர். 2006ஆம் ஆண்டு ஜனவரியில், 40ஆம் வயதில், அவர் முற்றாக விலகினார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு அவருக்கு ஏற்பட்டிருந்தது. இக்கோளாற்றில் குருதி சீராகப் பாய்வதில்லை. உச்ச உழைப்பு ஆபத்தாக முடியலாம். உடல் தந்த எச்சரிக்கையை அவர் மதித்தார்.

மூன்றாவது மூளை. மூவற்றுள் மிகக் கொடியது இதுவே. ஏனெனில் சேதம் நிகழும்போது வலி தெரிவதில்லை. மண்டையோடு மோதி நிற்கும்போது உள்ளே மென்மையான மூளை குலுங்குகிறது. நரம்பு இழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. பலமுறை இவ்வாறு அடிபட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலருடைய மூளைகளை, அவர்கள் இறந்தபின் ஆராய்ந்ததில், டௌ என்னும் புரதம் கேடான வகையில் படிந்திருந்தது தெரியவந்தது. நினைவிழப்பும் மனநிலை மாற்றமும் இத்துடன் தொடர்புடையவை. ஹவ்வுக்கே 1950இல், 22 வயது நிறையுமுன், பக்கச்சுவரில் மோதி மண்டையோடு உடைந்தது. மூளையின் அழுத்தத்தைக் குறைக்க அறுவை மருத்துவம் செய்து உயிர் பிழைத்தார். அடுத்த பருவத்திலேயே திரும்பி வந்து, புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றார். தமது எண்பதுகளில் அவர் மறதி நோய்க்கு ஆளானார். ஒரு தனி மனிதரின் நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் ஆட்டம் முடிந்தபின்னும் ஹவ் 36 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆட்டக்காரர் பணயம் வைப்பது அந்த ஒரு பருவத்தை அன்று. அந்த ஆண்டுகள் அனைத்தையும்தான்.

தேறும் காலக் கணக்கு

ஹவ் தம் கடைசிப் பருவமான 1979-80இல் 80 ஆட்டங்களிலும் ஆடினார், ஒன்றையும் தவறவிடவில்லை. 15 கோல்கள், 26 உதவிகள், ஆக 41 புள்ளிகள். அந்த 80 ஆட்டங்களும் ஏறத்தாழ 180 நாட்களுக்குள் அடங்கின. அதாவது, இரண்டேகால் நாளுக்கு ஓர் ஆட்டம்.

இங்கேதான் வயதின் மறைவான கணக்கு வேலை செய்கிறது. கடும் ஆட்டத்தில் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. ஓய்வின்போது உடல் அவற்றைச் செப்பனிடுகிறது. ஒருவர் இரண்டு நாட்களில் தேறிவிடுவார் என்றால், அடுத்த ஆட்டத்துக்குப் புதியவராக வருவார். வயது ஏறி அவருக்கு மூன்று நாட்கள் தேவைப்பட்டால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முக்கால் நாள் கடன் ஏறுகிறது. வட்டி கட்டாத கடன் போல அது குவியும். பருவத் தொடக்கத்தில் நன்றாக ஆடியவர் இறுதியில் தளர்ந்து போவதும், சிறு காயங்கள் தொடர்வதும் இதனால்தான். உச்ச வேகம் குறைவதைவிட, தேறும் காலம் ஆட்ட இடைவெளியைத் தாண்டுவதே விலக வேண்டியதன் தெளிவான அறிகுறி எனலாம்.

தாமே அறிய முடியாதா?

ஆட்டக்காரருக்கே தெரியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். பெரும்பாலும் தெரிவதில்லை, அதற்கும் காரணம் உண்டு. பயிற்சியை விடாதவரின் வேகம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று போலத்தான் குறைகிறது. ஆனால் நல்ல உறக்கம், கெட்ட உறக்கம், சளி, பயணக் களைப்பு ஆகியவற்றால் நாளுக்கு நாள் ஏற்படும் ஏற்றத்தாழ்வு அதைவிடப் பெரியது. அலைகள் எழுந்து விழும் கடலில் நீர்மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்ததைக் கரையில் நிற்பவர் எப்படி அறிவார்? நல்ல நாள் ஒன்று வாய்த்ததும், “இன்னும் முடியும்” என்று மனம் சொல்லும்.

ஆகவே கண்டறிய வழி அளவீடு ஒன்றே. ஒரே சோதனையை, ஒரே முறையில், ஆண்டுதோறும் செய்து ஏட்டில் குறிக்க வேண்டும். முப்பது மீட்டரைக் கடக்கும் நேரம், ஆட்டத்துக்கு மறுநாள் காலை நாடித்துடிப்பு, மூட்டின் வளைவு, நினைவுச் சோதனை ஆகியவற்றின் வரிசை, நாளிதழ்ப் பாராட்டையும் கூட்டத்தின் ஏளனத்தையும்விட நம்பத்தக்கது.

இருவகைத் தவறுகள்

காலம் கடந்து விலகுவது ஒரு தவறு. காலத்துக்கு முன் விலகுவதும் தவறே. ஹவ்வின் வாழ்வில் இரண்டாவது தவறுக்கு நல்ல சான்று உண்டு.

52ஆம் வயதில் விலகியது அவருடைய இரண்டாவது விலகல். முதல் முறை அவர் 1971இல், 43ஆம் வயதில் விலகினார். மணிக்கட்டில் மூட்டழற்சி; அதற்கு முந்தைய பருவத்தில் 52 புள்ளிகளே பெற்றிருந்தார். முதுமை வந்துவிட்டது என்று எல்லாரும் முடிவு கட்டினர். அணி அலுவலகத்தில் அவருக்குப் பதவி ஒன்று கிடைத்தது. அதில் செய்வதற்கு வேலை அதிகமில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து மணிக்கட்டில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு, புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த மற்றொரு லீக்கில் ஹூஸ்டன் அணிக்காகக் களமிறங்கினார். 18, 19 வயதான தம் மகன்கள் இருவரும் அதே அணியில் உடன் ஆடினர். அந்தப் பருவத்தில் 100 புள்ளிகள் பெற்று, அந்த லீக்கின் தலைசிறந்த வீரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். புதிய லீக்கின் தரம் சற்றுக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் ஒன்று தெளிவு: 1971இல் நின்றுபோனது மணிக்கட்டின் கடிகாரம் மட்டுமே. அதை உடல் முழுவதன் கடிகாரம் என்று தவறாக எண்ணிவிட்டனர். பாபி ஓருக்கு வாய்க்காத பழுதுபார்ப்பு ஹவ்வுக்கு வாய்த்தது, அவ்வளவே வேறுபாடு.

அப்படியானால் விடை என்ன?

எந்த வயதில் விலகுவது என்று கேட்பதைவிட, எந்தக் கடிகாரம் நின்றது என்று கேட்பதே சரியான கேள்வி. மூன்று வினாக்களாக அதைப் பகுக்கலாம்.

ஒன்று: குறைந்துபோன திறனை வேறொரு திறனால் ஈடுசெய்ய முடியுமா? முடியுமானால் ஆட்டமுறையை மாற்றிக்கொண்டு தொடரலாம். கோல் அடித்தவர் உதவி செய்பவராகலாம்.

இரண்டு: பழுதானது மருத்துவத்தால் சீராகக் கூடியதா? சீராகுமானால் பொறுத்திருந்து பார்க்கலாம். தேறும் காலம் ஆட்ட இடைவெளியைத் தொடர்ந்து மீறுமானால், ஆட்டங்களைக் குறைக்க வேண்டும். அப்படியும் தேறாவிட்டால் விலக வேண்டும்.

மூன்று: ஆபத்தில் இருப்பது மூளையா, இதயமா? ஆம் என்றால் மற்ற இரண்டு வினாக்களுக்கும் இடமில்லை. வயது 25 ஆனாலும், எத்தனை கோல்கள் அடித்துக்கொண்டிருந்தாலும், அன்றே நிறுத்த வேண்டும்.

டெட்ராய்டில் அந்த இரவு ஹவ் கோல் எதுவும் அடிக்கவில்லை. ஆனால் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் தம் தோழர் ஒருவர் நிற்கும் இடம் பார்த்து வட்டைத் தட்டிக் கொடுத்தார். அது கோலாயிற்று. எழுந்து நின்று கைதட்டிய 21,002 பேருக்கும் அவரது நரைமுடி தெரிந்தது. அந்த முடிக்குக் கீழே, மற்றெல்லாக் கடிகாரங்களும் தளர்ந்தபின்னும் சரியாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றையே அவர்கள் அந்தத் தட்டில் கண்டனர்.